‘எனில்’ இல்லாத சூத்திரம்

அத்திபெலேயிலிருந்து சில்க் போர்டு சந்திப்புக்குக் காலையில் செல்லும் பேருந்து மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்கிறது எனக் கொள்க. ஓசூர்ச் சாலையின் காலை நெரிசலை அறிந்தவர்கள் இந்த எண்ணை மறுக்கமாட்டார்கள். அதே வழியே திரும்பி வரும்போது எந்த வேகத்தில் வந்தால், போய்வந்த முழுப் பயணத்தின் சராசரி வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர் ஆகும்?

பத்தாம் வகுப்பைக் கடந்த எவருக்கும் இக்கணக்கு கடினமானது அன்று. போகும் வேகம் ப, திரும்பும் வேகம் வ, சராசரி ச. தூரம் இருபுறமும் ஒன்றேயாதலால் அது நீங்கிவிடும்; ச = 2பவ / (ப + வ) என்பது கிடைக்கும். வேண்டியது வ. சூத்திரத்தை மாற்றி அமைத்தால் வ = சப / (2ப − ச). எண்களை இட்டால் மேலே 600, கீழே 30 − 40, அதாவது −10. விடை −60.

இந்த இடத்தில் மாணவர் என்ன செய்கிறார் என்பதைக் கற்பித்தவர்கள் அறிவார்கள். எங்கோ ஒரு குறி பிழையாகிவிட்டது என்று கருதி, கழித்தல் குறியை அழித்துவிட்டு 60 என எழுதுவார். 60 நம்பத்தகுந்த எண்தான். இரவில் காலியான சாலையில் பேருந்து அந்த வேகத்தில் வரக்கூடும். ஆனால் 60-இல் வந்தால் சராசரி 24 தான். சராசரி 28 வேண்டுமெனில் 210-இல் வரவேண்டும். 29 வேண்டுமெனில் 435. 30 வேண்டுமெனில் எந்த வேகமும் போதாது. ஏனெனில் முழுப் பயணத்தையும் 30-இல் முடிக்க எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரத்தையும் போகும்போதே பேருந்து செலவழித்துவிட்டது. திரும்ப ஒரு நொடியும் மிச்சமில்லை. 40 என்பது கேட்கவே கூடாத கேள்வி. அந்தச் சூத்திரம் ‘ச என்பது 2ப-ஐ விடச் சிறியது எனில்’ என்று தொடங்கியிருக்க வேண்டும். தொடங்கவில்லை. கரும்பலகையிலும் இல்லை, குறிப்பேட்டிலும் இல்லை, பெரும்பாலும் விடைக்குறிப்பிலும் இல்லை.

சூத்திரத்தை மாற்றி அமைப்பதற்கு முழு மதிப்பெண்ணும், அது எப்போது செல்லும் என்று சொல்வதற்குச் சுழியமும் தரும் கல்விமுறை, கணிதத்தில் பாதியைத்தான் கற்பிக்கிறது. இது கணித ஆசிரியர்களின் உள்வீட்டுச் சிக்கல் என்று மொழித்துறையினர் ஒதுங்கிக்கொள்ளவும் இடமில்லை. தொலைந்துபோவது ஓர் எண் என்றால் ஒதுங்கலாம். தொலைந்துபோவது ஒரு வாக்கியம்.

மாணவர்கள் கற்கும் மொழியை உற்றுக் கேட்டால் தொலைந்த இடம் தெரியும். ‘ஐந்து அந்தப் பக்கம் போனால் கழித்தல் ஆகிவிடும், பெருக்கல் அந்தப் பக்கம் போனால் வகுத்தல் ஆகிவிடும்.’ தமிழ்நாட்டிலும் எல்லைக்கு இப்பாலும் தமிழில் கணக்குச் சொல்லித் தரும் எந்தத் தனிப்பயிற்சி வகுப்பிலும் இவ்வாக்கியம் ஒலிக்கும். இதன் வினைச்சொற்களைப் பாருங்கள்: போ, ஆகு. இரண்டும் செயப்படுபொருள் குன்றிய வினைகள். எண் தானாகப் புறப்பட்டுச் செல்கிறது. சென்ற இடத்தில் தானாக உருமாறுகிறது. செய்பவர் எவருமில்லை, செய்யப்படுவது எதுவுமில்லை. இனி அதே செயலைக் குன்றாவினையால் சொல்லிப் பார்க்கலாம்: ‘இருபுறத்தையும் வகுக்க.’ சொன்ன உடனே வாக்கியம் நிறைவு கேட்கிறது. எதனால் வகுக்க? (2ப − ச) என்பதனால். அது என்னவாக இருக்கலாம்? சுழியமாக இருக்கலாமா? எதனால் என்னும் கேள்விதான் நிபந்தனை நுழையும் வாசல். ‘போனால் ஆகிவிடும்’ என்னும் தொடரில் அந்த வாசலே கட்டப்படவில்லை. நினைவுக்கு எளிது என்பதற்காகக் கொள்ளப்பட்ட ஒரு சொல்லாட்சி, கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்க முடியாததாக்கிவிட்டது.

இந்தப் பயண உருவகம் பழையதும் அன்று. பழைய இந்தியக் கணித நூல்கள் சமன்பாட்டின் இரு புறங்களையும் பட்சம் என்றே அழைத்தன; ஆனால் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதின. மேல்வரிசையில் ஒரு பட்சம், அதற்கு நேர்கீழே மற்றொன்று. இடையில் பாலம் இல்லை, கடந்துபோக வழியும் இல்லை. செய்ய வேண்டியது இரண்டிலிருந்தும் சமமானதை நீக்குவது. அதற்குச் சமசோதனம் என்று பெயர். அரபு மொழியில் 9-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அல்-குவாரிஸ்மி பெயரிட்ட அல்-ஜப்ர் என்பதற்கும் முறிந்ததைச் சேர்த்துச் சீராக்குதல் என்பதே பொருள். எலும்பு முறிவைக் கட்டும் மருத்துவத்துக்கும் அச்சொல் வழங்கியது. 1557-இல் இராபர்ட் ரெக்கார்டு இரண்டு இணைகோடுகளைச் சமக்குறியாக்கியபோது, அவற்றைவிடச் சமமான இரண்டு பொருள்கள் வேறில்லை என்று காரணம் காட்டினார். அந்த இணைகோடுகளைச் சுங்கச்சாவடியாக்கி, எண்களை வரிசையில் நிறுத்திக் கடக்கவிட்டது பிற்காலத்து வகுப்பறை.

கன்னடத்தில் பட்சாந்தரம் என்றால் கட்சித் தாவல். நேர்ப்பொருள் பக்கம் மாறுதல். அந்தப் பக்கம் மாறுதலுக்கே 1985-இன் 52-ஆம் அரசியலமைப்புத் திருத்தம் பத்தாம் அட்டவணையில் நிபந்தனை வைத்தது. மூன்றில் ஒரு பங்கினர் பிரிந்தால் போதும் என்று முதலில் இருந்த விலக்கை 2003-இன் 91-ஆம் திருத்தம் நீக்கி, மூன்றில் இரு பங்கினர் உடன்படும் இணைப்பை மட்டும் விட்டுவைத்தது. சட்டமன்ற உறுப்பினர் பக்கம் மாறுவதற்கு இத்தனை ‘எனில்’. உருவகம் வேண்டுமென்றே விரும்புவோர் அத்திபெலேயையே முழுமையாக எடுத்துக்கொள்ளட்டும்: பிற மாநிலச் சரக்குந்து பர்மிட் இல்லாமல் அந்த எல்லையைக் கடக்கக்கூடாது. எண் மட்டும் ஏன் எதையும் காட்டாமல் கடக்கிறது?

இனி, எதிர்த்தரப்பின் வலுவான வாதத்துக்கு வரவேண்டும். கற்றறிந்தவர்கள் சொல்வது இது: ‘நிபந்தனை சூத்திரத்துக்குள்ளேயே இருக்கிறது. பகுதி சுழியமாகக் கூடாது என்பது எல்லோரும் ஏற்ற மரபு. இயல்பான மதிப்பகத்தைச் சூத்திரத்தைப் பார்த்தே கண்டுகொள்ளலாம். ஒவ்வொரு வரியிலும் எழுதினால் பக்கம் நிரம்பும், பொருள் மங்கும்.’ இதைச் சொல்பவர்கள் சோம்பேறிகள் அல்லர். கணிதவியலர் பலரும் எழுதும் முறை இதுதான். ஆனால் இவ்வாதம் ஓர் உண்மையைப் பொறுத்து நிற்கிறது: சூத்திரத்தைப் பார்த்தால் நிபந்தனை தெரியும் என்பது. அது உண்மைதானா என்று பேருந்திலிருந்து இறங்கி வேறு இரண்டு இடங்களில் சோதிக்கலாம்.

முதலில் இயற்பியல் ஆய்வகத்துக் குவிலென்ஸ். மெய்யான தூரங்களை நேர்க்குறியாகக் கொள்ளும் பழைய குறிமரபின்படி, பொருளின் தூரத்தின் தலைகீழியையும் பிம்பத்தின் தூரத்தின் தலைகீழியையும் கூட்டினால் குவியத்தூரத்தின் தலைகீழி வரும். குவியத்தூரம் 20 சென்டிமீட்டர். பொருள் 15 சென்டிமீட்டரில். பிம்பம் எங்கே? கணக்கிட்டால் −60. அடுத்து, பக்க இணைப்பிலுள்ள இரு மின்தடைகள். அவற்றின் தலைகீழிகளைக் கூட்டினால் தொகுபயன் மின்தடையின் தலைகீழி. ஒன்று 15 ஓம், தொகுபயன் 20 ஓம் வேண்டும். மற்றொன்று எவ்வளவு? மீண்டும் −60. பேருந்துக் கணக்கில் சராசரி 40-இன் பாதி 20. போகும் வேகம் 15. இயற்கணிதத்தின் கண்ணுக்கு மூன்றும் ஒரே கணக்கு. எழுத்துகளை மாற்றி வைத்தால் எது எதுவென்று எவராலும் பிரித்தறிய முடியாது.

பொருளில் மூன்றும் ஒன்றுக்கொன்று பகை. பேருந்தின் −60 வீண். லென்சின் −60 மதிப்புடையது: பொருள் இருக்கும் அதே பக்கத்தில் 60 சென்டிமீட்டரில், நான்கு மடங்கு பெரிதாக, ஒரு மாயபிம்பம். உருப்பெருக்கிக் கண்ணாடியில் எழுத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும் ஒவ்வொருவரும் அந்தக் கழித்தல் குறியைத்தான் பார்க்கிறார்கள். மின்தடையின் −60, கடையில் வாங்கும் எந்த மின்தடையாலும் நிறைவேறாதது. ஏனெனில் பக்க இணைப்பில் இன்னொரு பாதையைத் திறந்தால் தொகுபயன் குறையுமே அன்றிக் கூடாது.

பகுதி சுழியமாகும் இடத்திலும் இதே வேறுபாடு. பேருந்தில் அது நேரம் தீர்ந்துபோன நிலை. லென்சில் பொருள் குவியத்திலேயே இருக்கிறது; கதிர்கள் இணையாக வெளியேறுகின்றன; கலங்கரை விளக்கின் ஒளிக்கற்றை பிறப்பது அங்கேதான். மின்சுற்றில் தொகுபயனும் முதல் தடையும் சமம் என்றால் இரண்டாம் பாதை துண்டிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். மின்பணியாளர் அதைக் கண்டுபிடிக்கத்தான் மீட்டரைக் கையில் எடுக்கிறார். ஒரே சூத்திரத்தின் ஒரே ‘விலக்கப்பட்ட’ மதிப்பு, ஓரிடத்தில் முடியாமை, ஓரிடத்தில் பயன், ஓரிடத்தில் பழுது.

ஆக, நிபந்தனை சூத்திரத்துக்குள் இல்லை. ‘ப என்பது பேருந்தின் வேகம்’ என்னும் வாக்கியத்துக்குள் இருக்கிறது. ‘போகும் தூரமும் வரும் தூரமும் ஒன்று’ என்னும் வாக்கியத்துக்குள் இருக்கிறது; போகையில் எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம், வருகையில் கீழ்ச்சாலை என்று பாதை மாறினால், தூரமும் மாறினால், மேலே எழுதிய சராசரிச் சூத்திரமே செல்லாது. எழுத்துகளை மட்டும் கையில் கொடுத்து, வாக்கியங்களைப் பறித்துக்கொண்டு, நிபந்தனையை நீயே கண்டுகொள் என்பது மாணவரிடம் கேட்கக்கூடாத ஒன்று. இயல்பான மதிப்பகம் என்னும் மரபு சுழியத்தால் வகுக்காமல் காக்கும். அதற்கு மேல் அது எதையும் காக்காது.

அதையும் அது எப்போதும் காப்பதில்லை என்பது இன்னொரு சிக்கல். அ²/அ என்னும் கோவையில் அ சுழியமாகக் கூடாது. சுருக்கினால் அ. சுருங்கிய வடிவத்தைப் பார்ப்பவருக்கு எந்தத் தடையும் தெரியாது. மாற்றி அமைக்கும் ஒவ்வொரு படியும் நிபந்தனையைக் கூட்டவோ மறைக்கவோ செய்கிறது: வகுத்தால் ஒன்று கூடுகிறது, நீக்கினால் ஒன்று மறைகிறது, வர்க்கப்படுத்தினால் இல்லாத விடை ஒன்று உள்ளே நுழைகிறது. கடைசி வரியைப் பார்த்து மதிப்பகத்தைக் கண்டுகொள்ளலாம் என்பவர், முதல் வரியில் என்ன இருந்தது என்பதை மறந்தவர்.

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் பாடநூல் விகிதமுறு கோவைகளுக்கு ‘விலக்கப்பட்ட மதிப்பு’ என்று ஒரு கருத்தைக் கற்பிக்கிறது. பாராட்டலாம். ஆனால் மாணவர் அதைக் கேட்ட இடத்தில் மட்டும் சொல்லி, அடுத்த பயிற்சியில் ‘சுருக்குக’ என்றதும் மறந்துவிடப் பழகுகிறார். இரு மதிப்பெண் வினாவாகப் படித்தது இரு மதிப்பெண்ணோடு முடிந்துவிடுகிறது. பெயரும் உதவவில்லை. விலக்கப்பட்ட என்னும் செயப்பாட்டுப் பெயரெச்சம் ‘யாரால்’ என்பதைச் சொல்வதில்லை. மதுவிலக்கு, வரிவிலக்கு போல மேலிடத்து ஆணையாக ஒலிக்கிறது. சுழியத்தை எந்த அதிகாரியும் விலக்கவில்லை. வகுத்தல் என்றால் என்ன என்பதிலேயே அதற்கு இடமில்லை.

இதைவிடக் கூர்மையான சொல் தமிழில் உண்டு. கணித வகுப்பில் இல்லை, இலக்கண வகுப்பில் இருக்கிறது. அங்கும் விதிக்குச் சூத்திரம் என்றே பெயர். தொல்காப்பிய உரையாசிரியர்கள் ஒவ்வொரு சூத்திரமும் என்ன வேலை செய்கிறது என்று வகைப்படுத்தினார்கள். முன் விதியால் கிடைத்ததைத் தடுப்பது ‘எய்தியது விலக்கல்’. முன் விதி சென்றெட்டாததற்கு எட்டச் செய்வது ‘எய்தாதது எய்துவித்தல்’. ஒரு விதி தன் எல்லையைக் கடந்து செல்லக்கூடாத இடத்துக்கும் பாய்ந்துவிடாமல் தடுப்பது ‘எய்தியது இகந்துபடாமைக் காத்தல்’. மாறியின் மீதான கட்டுப்பாடு என்று இன்று சொல்வதற்கு இதைவிடத் துல்லியமான தமிழ் வேறெங்கும் இல்லை. விதி கிடைத்துவிட்டது, அது எல்லை மீறாமல் காக்க வேண்டும். காத்தல் என்பது வினை, செய்பவரை வேண்டுவது. ‘விலக்கப்பட்ட மதிப்பு’ என்பதில் இல்லாத பொறுப்பு இதில் இருக்கிறது.

இலக்கண வகுப்பின் மதிப்பீட்டு முறையும் வேறு. ‘வல்லினம் மிகும்’ என்று மட்டும் எழுதிய மாணவருக்கு எந்தத் தமிழாசிரியரும் மதிப்பெண் தரமாட்டார். எங்கே மிகும்? இரண்டாம் வேற்றுமை விரியில் மிகும், வினைத்தொகையில் மிகாது, ஆகவேதான் ஊறுகாய் ஊறுகாயாகவே இருக்கிறது. இடத்தைச் சொல்லாத விதி விதியே அன்று என்பது எட்டாம் வகுப்பு மாணவருக்கும் தெரியும். அதே மாணவர் அடுத்த பாடவேளையில் கணித ஏட்டைத் திறந்து வ = சப / (2ப − ச) என்று எழுதி, ‘எங்கே’ என்பதைச் சொல்லாமல் முழு மதிப்பெண் வாங்குகிறார். ஒரே பள்ளி, ஒரே நாள், இரண்டு சூத்திரங்கள், இரண்டு நீதிகள்.

தமிழ் வாக்கியத்தின் அமைப்பும் இங்கே கணிதத்தின் பக்கம் நிற்கிறது. தமிழில் நிபந்தனை எச்சம் முதன்மை வினைக்கு முன்னே வரும்: வரின், வந்தால், எனில், ஆயின். புணர்ச்சி விதிகளெல்லாம் ‘இன்னது முன் இன்னது வரின்’ என்று சூழலைச் சொல்லி முடித்த பிறகே விளைவைச் சொல்கின்றன. கணினி நிரலும் அப்படித்தான். அத்திபெலேயிலிருந்து சற்றே வடக்கிலுள்ள எலெக்ட்ரானிக் சிட்டியில் நிரல் எழுதும் எவரும் வகுத்தலுக்கு முன் சோதனையை வைப்பார், பின்னால் வைத்தால் பயனில்லை. நிபந்தனையை வாலில் தொங்கவிடுவது ஆங்கிலப் பாடநூலின் பழக்கம். அம்மொழியின் தொடரமைப்புக்கு அது இயல்பு. அதை மொழிபெயர்ப்பவர்கள் வாலையும் அப்படியே கொண்டுவந்து, வாக்கியம் முற்றுப்பெற்ற பிறகு ‘இங்கு ப ≠ 0’ என்று அடைப்புக்குறிக்குள் ஒட்டுகிறார்கள். தமிழ் வாசகருக்கு முற்றுவினையோடு வாக்கியம் முடிந்துவிட்டது. அதன்பின் வருவதைக் கண் தாண்டிவிடுகிறது. ‘ப சுழியம் அல்லாதபோது’ என்று தொடங்கியிருந்தால் தாண்டியிருக்க முடியாது.

சுழியத்தை உலகுக்குத் தந்தோம் என்று மேடையில் பெருமை பேசுவோர் அந்த வரலாற்றின் மறுபாதியையும் படிக்க வேண்டும். பிரம்மகுப்தர் 628-இல் சுழியத்தைச் சுழியத்தால் வகுத்தால் சுழியம் என்றார். இன்றைய கர்நாடகத்தின் கலபுரகி மாவட்டத்து மால்கேடு, அன்று இராட்டிரகூடர்களின் மானியகேடம். அமோகவர்ஷ நிருபதுங்கன் ஆட்சியில், 850-ஐ ஒட்டி, சமண அறிஞர் மகாவீரர் கணிதசாரசங்கிரகத்தை எழுதினார். சென்னையில் 1912-இல் எம். ரங்காச்சாரியரின் ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சான நூல் அது. அதில் மகாவீரர் சொல்லும் இரண்டு செய்திகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். எதிர் எண் தன் இயல்பில் வர்க்கமாக இருக்க முடியாது, ஆகவே அதற்கு வர்க்கமூலம் இல்லை என்கிறார். ஒரு செயல் எங்கே செல்லாது என்பதைக் காரணத்தோடு சொன்ன அருமையான கூற்று. அதே ஆசிரியர், ஓர் எண்ணைச் சுழியத்தால் வகுத்தால் அது மாறாமல் இருக்கும் என்றும் சொல்கிறார். ஒரு வரம்பைக் கண்ட கண்ணுக்கு மற்றொன்று தெரியவில்லை. (அதே அரசவையில் பிறந்த கவிராஜமார்க்கம் கன்னட நாட்டின் எல்லையைக் காவிரி முதல் கோதாவரி வரை என வரையறுத்தது. எல்லை சொல்வதில் அக்கறை மிகுந்த காலம்போலும்.)

பாஸ்கரர் 1150-இல் இன்னும் ஒரு படி சென்றார். சுழியத்தால் வகுபட்டதற்குக் ககரம் என்று பெயரிட்டு, எதைக் கூட்டினாலும் கழித்தாலும் மாறாத முடிவிலியாகக் கண்டார். ஆனால் லீலாவதியில் ஒரு கணக்கு வைக்கிறார். ஓர் எண்ணைச் சுழியத்தால் பெருக்கி, வந்ததில் பாதியை அதனோடு கூட்டி, மூன்றால் பெருக்கி, சுழியத்தால் வகுத்தால் 63 கிடைக்கிறது. அந்த எண் எது? விடை 14. பதினான்கும் ஏழும் இருபத்தொன்று, மும்முறை அறுபத்து மூன்று. மேலும் கீழும் இருக்கும் சுழியங்கள் ஒன்றையொன்று நீக்கிக்கொண்டன. இன்றைய மாணவர் இப்படிச் செய்தால் சிவப்பு மை பாயும். பாஸ்கரரிடம் ஒரு வேறுபாடு உண்டு: சுழியத்தால் பெருக்கப்பட்ட எண்ணை உடனே சுழியமாக்கிவிடாமல் எஞ்சிய செயல்கள் முடியும்வரை அப்படியே வைத்திருக்க வேண்டும், பின்னர்ச் சுழியத்தால் வகுக்க நேர்ந்தால் எண் மாறாததாகக் கொள்ள வேண்டும் என்று அவர் விதியைச் சொல்லிவிட்டுச் செய்கிறார். எல்லை மதிப்பு என்னும் பிற்காலக் கருத்தின் சாயலை அதில் காண்போர் உண்டு. சரியோ தவறோ, அவர் எந்த நிபந்தனையின் கீழ்ச் செயல்பட்டார் என்பது ஏட்டில் இருக்கிறது. அதனால்தான் எட்டரை நூற்றாண்டுகளுக்குப் பின்னும் அதை மறுக்க முடிகிறது. சொல்லப்படாத நிபந்தனையை மறுக்கவும் முடியாது.

அந்த நூல்களின் மாறிக்குப் பெயர் யாவத்தாவத்: எவ்வளவோ அவ்வளவு. அதன் முதல் அசை ‘யா’ என்பதே குறியீடாக எழுதப்பட்டது. அடுத்த மாறிகளுக்கு நிறப்பெயர்களின் முதல் அசைகள். ஆக மாறி என்பதே ஒரு தொடரின் சுருக்கமாகத்தான் பிறந்தது. விரித்தால் வாக்கியம் கிடைக்கும்.

இதெல்லாம் பள்ளிக் கணக்கு, ஆய்வுலகத்துக்கு என்ன, என்று கேட்கும் ஆய்வாளர்கள் தங்கள் அட்டவணைகளைத் திறந்து பார்க்கட்டும். மொழியியலில் தரவுக் குறியீடு செய்யும் இருவரிடையே எவ்வளவு உடன்பாடு இருக்கிறது என்று அளக்க ஜேக்கப் கோஹன் 1960-இல் தந்த காப்பா அளவீடு பரவலாகப் பயன்படுகிறது. கண்ட உடன்பாட்டிலிருந்து தற்செயல் உடன்பாட்டைக் கழித்து, அதை ஒன்றிலிருந்து தற்செயல் உடன்பாட்டைக் கழித்ததனால் வகுக்க வேண்டும். தற்செயல் உடன்பாடு ஒன்றாகக் கூடாது என்னும் நிபந்தனை எத்தனை ஆய்வேடுகளின் முறையியல் இயலில் எழுதப்பட்டிருக்கிறது? இருவரும் எல்லாச் சொற்களுக்கும் ‘பெயர்ச்சொல்’ என்றே குறியிட்டால் உடன்பாடு முழுமையானது. காப்பாவோ சுழியத்தின் கீழ்ச் சுழியம். மென்பொருள் வெற்றுக் கட்டத்தைக் காட்டும். வெற்றுக் கட்டம் அட்டவணைக்கு அழகில்லை என்று ஒருவர் அதில் 1 என்று இடலாம், மற்றொருவர் 0 என்று இடலாம். இரண்டாமவர் அறியாமலே பிரம்மகுப்தரின் கட்சி. பிறகு அந்த நிரலின் சராசரி எடுக்கப்படும்; சராசரியிலிருந்து முடிவுரை எழுதப்படும். நேராது என்பவர்கள் சிறிய தரவோடு பணியாற்றிப் பார்க்காதவர்கள். தமிழ், படுகு, சௌராட்டிரம் போன்ற மொழிகளின் குறியிட்ட தரவுகள் சிறியவை. ஒரே குறியே நிறைந்த சிறு பகுதிகள் அவற்றில்தான் அதிகம் அகப்படும். பெருமொழிகளின் ஆய்வாளருக்கு இந்த நிபந்தனை ஓர் அடிக்குறிப்பு. சிறுமொழிகளின் ஆய்வாளருக்கு அது அன்றாடம்.

1997 செப்டம்பரில் அமெரிக்கக் கடற்படையின் யார்க்டவுன் என்னும் போர்க்கப்பலில் ஒரு பணியாளர் தரவுத்தளத்தின் ஒரு கட்டத்தில் சுழியத்தை உள்ளிட்டார். வகுத்தல் பிழையானது, கணினிகள் முடங்கின, உந்துவிசை நின்றது. கப்பல் சில மணி நேரம் கடலில் செயலற்றுக் கிடந்தது. அந்தக் கட்டத்தில் சுழியம் இடக்கூடாது என்பது அதை வடிவமைத்தவருக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தது போதவில்லை, எழுதப்படவில்லை.

எஞ்சியிருப்பது ஒரு வாதம். அதுதான் மிகவும் கருணையான குரலில் சொல்லப்படுவது. முதல் தலைமுறையாகக் கற்கும் பிள்ளைகளுக்குக் கணிதமே சுமை, நிபந்தனைகளையும் ஏற்றினால் ஓடிவிடுவார்கள், முதலில் வழிமுறை வரட்டும், நுணுக்கம் பிறகு வரும். எங்கிருந்து வரும்? ஆனேக்கல் வட்டத்தின் ஆலைகளுக்கு வேலைக்கு வந்து, அத்திபெலேயில் ஒற்றை அறையில் குடியிருக்கும் குடும்பத்தின் பிள்ளை, வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் தெலுங்கும் பள்ளியில் ஆங்கிலமுமாகப் படிக்கிறது. நிபந்தனையை எல்லோரும் அறிந்த மரபு என்று விட்டுவிட்டால், அந்த ‘எல்லோரும்’ என்பதில் இப்பிள்ளை இல்லை. பொறியாளர் வீட்டுப் பிள்ளைக்கு அது இரவு உணவு மேசையில் கிடைக்கும். பெருங்கட்டணப் பயிற்சி மையத்தில், போட்டித் தேர்வின் பொறிக்கேள்வியாகவேனும் கிடைக்கும். சொல்லாமல் விடப்படுவது யாருக்கும் இல்லாமல் போவதில்லை. ஏற்கெனவே உள்ளவர்களுக்கு மட்டும் போய்ச் சேர்கிறது. கருணை என்ற பெயரில் நடப்பது இந்தப் பங்கீடுதான்.

சுமை என்பதும் மிகை. பேருந்துக் கணக்கில் கூடுதலாக எழுத வேண்டியது ஒரே ஒரு தொடர்: ‘ச என்பது 2ப-ஐ விடச் சிறியது எனில்’. அதை எழுத வைப்பதற்குப் புதிய பாடத்திட்டம் வேண்டாம், குழு வேண்டாம். ‘இடம் மாற்றி எழுதுக’ என்று கேட்கும் ஒவ்வொரு வினாவின் விடைக்குறிப்பிலும் ஒரு மதிப்பெண் நிபந்தனைக்கு ஒதுக்கப்பட்டால் போதும். ஓராண்டில் எல்லாப் பயிற்சி வகுப்புகளும் தாமாக அதைக் கற்பிக்கத் தொடங்கும், ஏனெனில் மதிப்பெண் இருக்கும் இடம் அவர்களுக்குத் தெரியும். ஆய்வேட்டு நெறியாளர்கள் தம் மாணவரின் ஒவ்வொரு சூத்திரத்தின் ஓரத்திலும் ‘எப்போது?’ என்று பென்சிலால் எழுதலாம். மொழிபெயர்ப்பாளர்கள் அடைப்புக்குறியை உடைத்து, நிபந்தனையை வாக்கியத்தின் தலைக்குக் கொண்டுவரலாம்.

2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்சினையின்போது அத்திபெலே எல்லையில் பேருந்துகள் நின்றன. பைகளைத் தலையில் சுமந்து, பிள்ளைகளை இடுப்பில் வைத்து, மக்கள் நடந்தே ஓசூர்ப் பக்கம் கடந்தார்கள். நேரம் என்பது தூரத்தை வேகத்தால் வகுத்தது என்று அவர்களில் பலரும் பள்ளியில் படித்திருப்பார்கள். நின்றுபோன பேருந்தில் உட்கார்ந்து, எப்போது போய்ச் சேரும் என்று ஓட்டுநரைக் கேட்டவர்களுக்கு அந்தச் சூத்திரம் விடை சொல்லாது. வேகம் சுழியம் அல்லாதபோது மட்டுமே அது பேசும். அவர்கள் இறங்கி நடந்தார்கள்.